கொட்டகையில் ஒரு பிள்ளை குறைகிறது

என் அம்மா ஆயா. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடித்ததும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை இருட்டோடு இருட்டாகத் தூக்கி வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பால்வெட்டப் போவார்கள். சிலது தூங்கிக்கொண்டே வரும், சிலது லயத்துக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு வரும். ஒவ்வொரு பிள்ளையையும் கையில் வாங்கும்போது அம்மா ஒரு சூசு (பால்) டின்னுக்குள் ஒரு ரப்பர் கொட்டையைப் போடுவார். தாய் திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டதும் ஒரு கொட்டையை வெளியே எடுத்துவிடுவார். பால் நிறுத்து முடிந்து கடைசித் தாயும் போன பிறகு டின்னைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வரக் கூடாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வைத்திருந்த பதிவேடு அந்த டின்தான்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் ஒரு நாள் டின்னில் ஒரு கொட்டை மிஞ்சியது. அம்மா பின்கட்டில் பாலாடை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், பெண்சாதியோடு சண்டை போட்டிருந்த ஒருவர் பின்பக்கமாக வந்து தொட்டிலில் கிடந்த தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கொட்டகை வாசலில் கூட்டம். ‘அப்பன்தானே எடுத்துட்டுப் போனான், இதுல என்னா இருக்கு?’ என்றார்கள் சிலர். ‘பெத்தவளக் கேக்காம எப்படி எடுக்கலாம்?’ என்றார்கள் சிலர். தோட்டத்துக் கண்காணியான தண்டல் நாற்காலி போடச் சொல்லி ஞாயம் விசாரிக்கவே உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ‘ஞாயத்த நாளைக்குப் பேசுங்க தண்டல். பிள்ளை பால் குடிக்கிற நேரம் தாண்டிப்போச்சி. மொதல்ல அதக் கண்ணுல காட்டச் சொல்லுங்க’ என்றார். அதற்குப் பிறகுதான் நாலு பேர் சைக்கிளை எடுத்தார்கள். பொழுது சாயும்போது அடுத்த டிவிஷனில், அந்த மனிதரின் அக்கா வீட்டில் பிள்ளை கிடைத்தது. பஞ்சாயத்து மூன்று நாள் நடந்தது. என்ன தீர்ப்பு ஆனது என்று எனக்கு ஞாபகமில்லை.

அந்த டின்னை நான் மறந்தே போயிருந்தேன். 2009இல் ஈப்போவில் நடந்ததைப் பேப்பரில் படித்தபோது திரும்ப நினைவுக்கு வந்தது.

அந்த மார்ச் மாதம் ஈப்போவில் யாரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. பேராக் மாநில ஆட்சி கவிழ்ந்து, யார் மந்திரி புசார் (மாநில முதல்வர்) என்றே தெரியாமல் கிடந்த நேரம். மார்ச் 3ஆம் தேதி சபாநாயகர் வி. சிவகுமார், சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைய முடியாததால், ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டுச் சட்டமன்றத்தையே கூட்டினார். புந்தோங் கோப்பிக் கடைகளில் அந்த மரத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்த அமளிக்கு நடுவில், அதே ஊரில், ஒரு வீட்டுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

எம். இந்திரா காந்தி ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியை. நானும் அதே தொழில் என்பதால் அந்த ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. கணவர் கே. பத்மநாதன். மூன்று பிள்ளைகள். மூத்தவை இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவை. கடைசிப் பெண் பிரசன்னா டிக்‌ஷாவுக்குப் பதினொரு மாதம். மார்ச் 11ஆம் தேதி பத்மநாதன் இஸ்லாத்தைத் தழுவி முகம்மது ரிடுவான் அப்துல்லா ஆனார். மார்ச் 31ஆம் தேதி பிரசன்னாவைத் தூக்கிக்கொண்டு போனார். ஏப்ரல் 2ஆம் தேதி மூன்று பிள்ளைகளையும் இஸ்லாத்துக்கு மாற்றிவிட்டதாகச் சான்றிதழ்கள் பதிவாயின. தாய்க்குத் தெரியாது. பெரிய பிள்ளைகள் இருவரும் அப்போது தாயிடம்தான் இருந்தார்கள், பதிவாளர் முன்னால் போய் நிற்கவே இல்லை.

அன்றிலிருந்து இன்றுவரை இந்திரா காந்தி தன் கடைசி மகளைக் கண்ணால் பார்க்கவில்லை.

காணாமல் போன பிள்ளை என்றால் நம் மனதில் ஒரு படம் உண்டு. சந்தைக் கூட்டம், விட்டுப்போன கை, முகம் தெரியாத யாரோ ஒருவன். போலீஸ்காரர்கள் துப்புத் துலங்காத வழக்கு என்று கோப்பைக் கட்டி வைப்பது அப்படிப்பட்டவற்றைத்தான். இதில் எல்லாமே முதல் நாளே துலங்கிவிட்டது. எடுத்தவர் யார், எந்தத் தேதி, எதற்காக, எல்லாம் தெரியும். அவருடைய பழைய பெயரும் தெரியும், புதுப் பெயரும் தெரியும், அடையாளக் கார்டு நம்பரும் அரசாங்கத்திடம் இருக்கிறது. பிள்ளை எங்கே என்பது மட்டும்தான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள நம் நாட்டுச் சட்டத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும். நான் வழக்கறிஞர் இல்லை. பதினாறு வருஷமாகப் பேப்பர் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

மலேசியாவில் இரண்டு வகை நீதிமன்றம் உண்டு. முஸ்லிம்களின் திருமணம், மணவிலக்கு, பிள்ளைப் பராமரிப்பு எல்லாம் ஷரியா நீதிமன்றத்தில். மற்றவை சிவில் நீதிமன்றத்தில். 1988இல் அரசியலமைப்புச் சட்டத்தின் 121ஆவது பிரிவில் (1ஏ) என்று ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள்: ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவற்றில் சிவில் உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை. முஸ்லிம் அல்லாதவர் ஷரியா நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. சரி, இந்து முறைப்படி சிவில் சட்டத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட இருவரில் ஒருவர் மட்டும் மதம் மாறினால்? மாறியவர் ஒரு வாசலுக்குள் போவார். மற்றவர் அந்த வாசலில் கால் வைக்க முடியாது.

அப்படித்தான் ஆனது. அந்த ஏப்ரலிலேயே ஷரியா உயர்நீதிமன்றம் மூன்று பிள்ளைகளின் பராமரிப்பையும் தந்தைக்குக் கொடுத்தது. இந்திரா ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2010 மார்ச் 11, பத்மநாதன் மதம் மாறி அன்றோடு ஒரு வருஷம், பிள்ளைகள் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. ஆக ஒரே பிள்ளைக்கு இரண்டு உத்தரவு. ஒன்று அப்பாவிடம் கொடு என்றது, இன்னொன்று அம்மாவிடம் கொடு என்றது. பிள்ளை யார் கையில் இருந்ததோ அந்தக் கையிலேயே இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு பழைய செய்தியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் மறந்துவிட்டார்கள். 2009 ஏப்ரலிலேயே அமைச்சரவை கூடி, பெற்றோர் திருமணம் செய்துகொண்டபோது என்ன மதமோ அதில்தான் பிள்ளைகள் வளர வேண்டும் என்று முடிவெடுத்து அறிவித்தது. அது சட்டமாகவில்லை. ஏழு வருஷம் கழித்து, 2016 நவம்பரில், திருமண மணவிலக்குச் சட்டத் திருத்த மசோதாவில் 88ஏ என்று ஒரு பிரிவு வந்தது; ஒரு பெற்றோர் மட்டும் தனியாகப் பிள்ளையை மதம் மாற்ற முடியாது என்றது. 2017இல் மசோதா நிறைவேறும்போது அந்தப் பிரிவு அதில் இல்லை.

இந்திராவுக்காக வாதாடியவர்களில் ஒருவர் நம் ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினர் எம். குலசேகரன். ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றக் கட்டடத்தை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு. 2013 ஜூலையில் அங்கே நீதித்துறை ஆணையராக இருந்த லீ ஸ்வீ செங் மூன்று மதமாற்றச் சான்றிதழ்களும் செல்லாது என்றார். பேராக்கின் 2004ஆம் ஆண்டு இஸ்லாமிய நிர்வாகச் சட்டமே மதம் மாறுகிறவர் தன் வாயால் கலிமா (இஸ்லாமிய உறுதிமொழி) சொல்ல வேண்டும் என்கிறது. பதினொரு மாதப் பிள்ளை எப்படிச் சொல்லும்? நான் முப்பது வருஷம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள். அந்த வயதில் ‘ம்மா’ என்பதே அதிசயம்.

2014 மே மாதம் பிள்ளையை ஒப்படைக்காத தந்தைமீது நீதிமன்ற அவமதிப்பு. கைது ஆணையும் வந்தது. அப்போதைய போலீஸ் படைத் தலைவர் காலிட் அபு பக்கார், இரண்டு நீதிமன்றம் இரண்டு விதமாகச் சொல்லும்போது போலீஸ் எதைச் செய்வது என்றார். பிள்ளையை ஏதாவதொரு காப்பகத்தில் விட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை சொன்னார். எனக்கு நம் தண்டல் நாற்காலி போட்டு உட்கார்ந்தது கண்முன் வந்தது. கைது செய்யச் சொல்லி உயர்நீதிமன்றம் அந்த செப்டம்பரில் போலீஸுக்கே உத்தரவு போட்டது. டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2015 கடைசியில், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், மதமாற்றத் தீர்ப்பையும் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் புரட்டிப்போட்டது. 2016 ஏப்ரல் 29இல் கூட்டரசு நீதிமன்றம் தந்தையைக் கைது செய்யுங்கள் என்று போலீஸுக்குச் சொன்னது. பிரசன்னாவுக்கு அப்போது எட்டு வயது.

பிறகு 2018 ஜனவரி 29. கூட்டரசு நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள், ஒரே குரலில், பிள்ளைகளின் மதமாற்றம் செல்லாது என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜைனுன் அலி. இந்த வழக்கின் முடிச்சு ஒரு சொல்லில் இருந்தது. அரசியலமைப்பின் 12(4) பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தை அவருடைய ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ முடிவு செய்வார் என்கிறது. நமக்குத் தமிழில் பெற்றோர் என்றால் இரண்டு பேர்தான், யாருக்கும் சந்தேகம் வராது. ஆங்கில மூலத்தில் அந்தச் சொல் ஒருமை. ஒருவர் போதும் என்று வாதாட அந்த ஒருமை இடம் கொடுத்தது. சட்டத்தில் ஒருமை என்றால் பன்மையும் அதில் அடங்கும், தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை, ஆகவே இருவர் சம்மதமும் வேண்டும் என்றது நீதிமன்றம். ஒன்பது வருஷம் ஒரு பெண் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் நடந்திருக்கிறார்.

அன்றைக்கு ஈப்போவில் எங்கள் வீட்டுத் தெருவில் இனிப்புக் கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. வழக்கை ஜெயித்த தாய், பக்கத்தில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். டின்னில் ஒரு கொட்டை அப்படியே கிடந்தது.

அந்தத் தீர்ப்பு வீண்போனது என்று சொல்ல மாட்டேன். 2022 பிப்ரவரியில் லோ சீவ் ஹோங் என்ற தாய்க்குத் தன் மூன்று பிள்ளைகள் திரும்பக் கிடைத்தார்கள். அவர்களைத் தந்தை மதம் மாற்றியது செல்லாது என்று 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது, சாய்ந்துகொள்ளச் சுவராக இருந்தது இந்திராவின் வழக்குதான். இனி வரப்போகிற தாய்மாருக்கும் அது சுவர். இந்திராவின் மகளைக் கொண்டுவர மட்டும் அதனால் முடியவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை மதச் சண்டையாகப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. என் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மாள்) ஐந்து வேளை தொழுகிறவர். இந்திராவின் படம் டிவியில் வந்தால் ஒலியைக் குறைத்துவிட்டு, ‘காசிஹான் இபு டியா’ என்பார். அந்தத் தாய் பாவம் என்று பொருள். அவர் வீட்டு அலமாரியில் ஒரு பழைய மலாய் நாளிதழை மடித்து வைத்திருக்கிறார், ஒரு பிள்ளையின் செய்தி வந்தது. 2007 ஆகஸ்டில் கோலாலம்பூர் வங்சா மாஜூவில் இரவுச் சந்தைக்குப் போன எட்டு வயது நூரின் ஜஸ்லின், ஒரு மாதம் கழித்துப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு வாசலில் பைக்குள் பிணமாகக் கிடைத்தாள். கொன்றவர் யாரென்று இன்றுவரை தெரியாது. 2008 ஜனவரியில் தாமான் மேடானில் வீட்டுக்குப் பக்கத்து விளையாட்டுத் திடலுக்குப் போன ஐந்து வயது ஷர்லினி திரும்பவே இல்லை. இந்த இரண்டு மலாய்ப் பிள்ளைகளின் பெயரும் ஒரு தலைமுறைத் தாய்மாருக்கு மறக்காது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை காணாமல் போனால் ஊடகம், போலீஸ், பொது இடங்கள் எல்லாவற்றிலும் உடனே சேதி பரப்புகிற ‘நூர் அலர்ட்’ ஏற்பாடு 2011இல் வந்ததே நூரின் பெயரால்தான்.

அந்த ஏற்பாடு முதல் சில மணி நேரத்துக்கானது. அந்நியன் தூக்கிப்போன பிள்ளைக்கு ஒவ்வொரு மணி நேரமும் உயிர் என்பது போலீஸுக்கும் தெரியும், ஆகவே ஓடுவார்கள். பெற்றவனே தூக்கிப்போனால் யாரும் ஓடுவதில்லை. ‘அப்பன்தானே?’ என்ற அந்த ஒரு கேள்வி கொட்டகை வாசலில் ஒரு மணி நேரத்தைத் தின்றது. ஈப்போவில் பதினாறு வருஷத்துக்குமேல் தின்றிருக்கிறது.

என் பேத்தியும் 2008இல் பிறந்தவள். அதனால் பிரசன்னாவின் வயதை நான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, கண்முன்னாலேயே வளர்ந்தது. 2015 ஜனவரியில் பேத்தியை முதலாம் வகுப்பில் சேர்த்த நாளில், புத்தகப்பை முதுகைவிடப் பெரிதாகத் தொங்க நின்ற அந்த வரிசையைப் பார்த்தபோது, அந்தப் பெண்ணும் இன்றைக்கு எங்கோ ஒரு வரிசையில் நிற்க வேண்டுமே என்று தோன்றியது. அதன் பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த வயதுப் பிள்ளைகள் ஒரு தனி ரகம். ஆறாம் வகுப்பு வரும்போது கோவிட் வந்தது, 2020இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வே நடக்கவில்லை. மூன்றாம் படிவத்துக்கு வருமுன் பி.டி.3 தேர்வை எடுத்துவிட்டார்கள். முதன்முதலாக அவர்கள் உட்கார்ந்த அரசாங்கத் தேர்வே 2025இன் எஸ்.பி.எம்.தான். பேத்தி ராத்திரி பன்னிரண்டு மணிவரை வரலாறு மனப்பாடம் செய்தாள். பிரசன்னா எந்தப் பெயரில், எந்த ஊரில், எந்த மொழியில் மனப்பாடம் செய்தாளோ.

இத்தனை வருஷத்தில் போலீஸ் படைத் தலைவர் நாற்காலியில் எட்டுப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்: மூசா ஹசான், இஸ்மாயில் ஒமார், காலிட் அபு பக்கார், முகமட் ஃபுசி ஹாருன், அப்துல் ஹமிட் படோர், அக்ரில் சானி, ரசாருடின் ஹுசேன், இப்போது காலிட் இஸ்மாயில். இவர்களில் ஹமிட் படோர் 2020 ஜனவரியில், ரிடுவான் எங்கே இருக்கிறார் என்பது தமக்குத் தெரியும் என்றும், எல்லாருக்கும் சந்தோஷமான முடிவாக இருக்க வேண்டும் என்று பார்ப்பதாகவும் சொன்னார். அந்தச் செய்தியை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷப்பட்டேன். இரண்டாம் தடவை, தெரிந்தும் என்ன பேச்சு என்று பேப்பரை மடித்து வைத்தேன். அந்த வருஷம் அக்டோபரில் இந்திரா, போலீஸும் அரசாங்கமும் கடமையைச் செய்யவில்லை என்று 10 கோடி ரிங்கிட் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 28இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

காணாமல் போன பிள்ளையை வருஷக்கணக்கில் கழித்துத் தேடுவது எப்படி? அமெரிக்காவில் இதற்கென்று 1984இலிருந்து ஒரு தேசிய மையம் இருக்கிறது. அங்கே ஓவியர்கள், காணாமல் போன பிள்ளையின் கடைசிப் படத்தோடு அதன் தாய், தகப்பன், அக்காள், அண்ணன் அதே வயதில் எடுத்துக்கொண்ட படங்களையும் வைத்துக்கொண்டு, இன்றைக்கு அந்த முகம் எப்படி இருக்கும் என்று வரைகிறார்கள். பதினெட்டு வயதுக்குள் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பார்களாம். பிரசன்னாவைப் பொறுத்தவரை நம்மிடம் புழங்குவது கைக்குழந்தைப் படம். கன்னம் உப்பிய அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தொட்டிலை மாற்றிப் போட்டுவிட்டால் பெற்றவளே ஒரு நொடி தடுமாறுவாள் என்று அம்மா சொல்வார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் நிற்கிற பெண்ணை யார் அடையாளம் காண்பது?

முகத்தைவிடக் காகிதம்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. 1998இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில் ஊரில் பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையை, தாதி போல வேடமிட்ட ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்தே தூக்கிப்போனாள். 2017இல், பதினெட்டு வயதில், அடுத்ததற்கு அடுத்த மாநிலத்தில் அந்தப் பெண் கிடைத்தாள். வளர்ந்ததும் வேலைக்கு விண்ணப்பிக்கப் போனபோது அவளிடம் சரியான பத்திரங்கள் இல்லை. அங்கேதான் மூடி வைத்திருந்தது அவிழத் தொடங்கியது. நியூயார்க்கில் 1987இல் இதேபோல ஆஸ்பத்திரியிலிருந்து பறிபோன குழந்தை ஒன்று, பெரியவளான பிறகு பிறப்புப் பத்திரம் கேட்டுக் கிடைக்காமல், தானே தேடி 2011இல் தன் பெற்றோரைக் கண்டுபிடித்தது. பிள்ளையைத் திருடலாம், அதற்கு ஒரு பிறப்புப் பத்திரம் உண்டாக்குவது கஷ்டம்.

நம் நாட்டில் இது இன்னும் கெட்டியான வலை. பிறந்ததும் பதிவு. பன்னிரண்டு வயதானால் மைகாட் என்ற அடையாள அட்டை, பெருவிரல் ரேகையோடு. பதினெட்டில் அதை மாற்றிப் புது அட்டை. தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குக் காகிதத்தின் அருமை நன்றாகவே தெரியும். பிறப்பைப் பதியாமல் விட்டு, குடியுரிமை கிடைக்காமல், சிவப்பு அடையாளக் கார்டோடு செத்துப்போன மாமன்மார் எனக்கு உண்டு. பிரசன்னாவோ முறையாகப் பதிவான பிள்ளை. 2020இல் அவள் பெயரில் மைகாட் எடுத்திருந்தால், அவளுடைய ரேகை அரசாங்கக் கணினியில் இருக்கிறது. எடுக்கவில்லை என்றால், ஒரு மலேசியப் பிள்ளை பன்னிரண்டு வயதிலிருந்து அட்டை இல்லாமல் இருக்கிறது என்பது அதே கணினிக்குத் தெரியும். இரண்டில் எதுவானாலும் அது ஒரு துப்பு. தந்தைக்கும் இது பொருந்தும். 2025இல், அவர் பெயரில் அரசாங்க உதவித்தொகையும் பெட்ரோல் மானியமும் போயிருக்கின்றன என்று இந்திராவின் தரப்பு எடுத்துச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. மானியம் ஆளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது.

அதே 2025 நவம்பரில், எஸ்.பி.எம். பரபரப்பு நடந்துகொண்டிருந்த நேரம், இந்திராவும் ஆதரவாளர்களும் கோலாலம்பூரில் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தை நோக்கி நடந்தார்கள். கையில் ஒரு கரடி பொம்மை. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘பாட்டி, அவுங்களுக்குப் பதினேழு வயசு. டெடி பேர வச்சி என்னா செய்வாங்க?’ என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அந்தத் தாயிடம் இருப்பது பதினொரு மாதப் பிள்ளைதானே என்று சொன்னேன்.

2026 ஏப்ரலோடு பிரசன்னாவுக்குப் பதினெட்டு நிறைகிறது. சட்டத்தின் கண்ணில் அதன் பிறகு அவள் பிள்ளையில்லை. யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வியே கிடையாது. 12(4) பிரிவும் இனி அவளுக்குப் பொருந்தாது. தன் மதம், தன் ஊர், தன் அம்மா யார் என்பதையெல்லாம் அவளே முடிவு செய்துகொள்ளலாம். அவளுக்கு இதெல்லாம் தெரியுமா, யாராவது சொன்னார்களா, தெரிந்தும் வர விருப்பமில்லையா, அதையும் அவள் வாயால்தான் கேட்க வேண்டும். அவள் தாய் கேட்பதும் அதற்குமேல் இல்லை. உயிரோடு இருக்கிறாளா, நன்றாக இருக்கிறாளா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நான் வளர்ந்த தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. எல்லாம் செம்பனை. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் உரமூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மா போய் இருபது வருஷமாகிறது. டின் என்ன ஆனது என்று தெரியாது.

2026 பிப்ரவரியில் பேத்திக்குப் பதினெட்டு ஆனது. அட்டை மாற்ற அவளைத் தேசியப் பதிவிலாகாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தோம். அவள் வயதுப் பெண்கள் நிறையப் பேர், துடோங் (தலைத்துணி) போட்டவர்கள், போடாதவர்கள், எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் எண் வந்தது. முகப்பிலிருந்த அம்மாள் பேத்தியின் பெருவிரலை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைக்கச் சொன்னார். முதல் தடவை படியவில்லை, துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். திரையில் அவளுடைய பன்னிரண்டு வயது முகம் வந்தது. பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, என் மகளின் பெயர், எங்கள் வீட்டு முகவரி. இரண்டு நொடிக்குமேல் ஆகவில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.